டிராபா முளைக்கவில்லை, பூக்கவில்லை, காணாமல் போய்விட்டது: ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யலாம்

டிராபா வெர்னாவை வளர்த்துப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். விதை போட்டேன், வரவில்லை. வந்தது, பூக்கவில்லை. பூத்தது, ஆனால் இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டேன், செடியே இல்லை. இவை எல்லாவற்றையும் நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு வருடம் என் கல்தொட்டியில் ஒரு செடிகூட வரவில்லை. இப்போது நான் எதுவும் செய்யாமலே வருடாவருடம் தொட்டி நிறைய வருகிறது. இடையில் மாறியது மண்ணோ விதையோ கிடையாது. இந்தச் செடி எந்த மாதத்தில் என்ன செய்யும் என்பது எனக்குப் பிடிபட்டது, அவ்வளவுதான்.

செடியைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த மிகச் சிறிய காட்டுப்பூ இது. தரையோடு ஒட்டிய இலைவட்டம், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீள இலைகள். நடுவிலிருந்து நூல் போல, இலையே இல்லாத தண்டு எழும்பும். அதன் நுனியில் தீக்குச்சித் தலையைவிடச் சற்றே பெரிய வெள்ளைப் பூக்கள். மொத்த உயரம் பெரும்பாலும் 10 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா இதன் தாய்நிலம். வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மனிதர்களோடு போய்ச் சேர்ந்தது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் டிராபா வெர்னா என்று பெயர் வைத்தார். பிறகு எரோஃபிலா வெர்னா என்று பிரித்தார்கள், அதற்கு 'வசந்தத்தை விரும்புவது' என்று பொருள். இன்று பலரும் மறுபடி டிராபா என்றே எழுதுகிறார்கள். இரண்டு பெயரில் எது கண்ணில் பட்டாலும் ஒரே செடிதான்.

ஆங்கிலத்தில் இதை விட்லோ கிராஸ் என்பார்கள், அதாவது நகச்சுற்றுப் புல். இது புல் வகை இல்லை. நகச்சுற்றுக்கு மருந்து என்று பழைய ஐரோப்பியர்கள் நம்பியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. விரலில் சீழ் பிடித்தால் மருத்துவரிடம் போங்கள், செடியை விட்டுவிடுங்கள்.

எந்தச் சிக்கலானாலும் முதலில் இந்தக் காலக்கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இலையுதிர் காலத்தில் முளைக்கும். குளிர்காலம் முழுக்க இலைவட்டமாகத் தரையோடு கிடக்கும். குளிர் விலகத் தொடங்கியதும், மற்றச் செடிகள் விழிப்பதற்கு முன்பே, பூக்கும். வசந்தம் முடிவதற்குள் விதையைச் சிந்திவிட்டுச் செத்துப்போகும். கோடை முழுவதும் மண்ணின் மேல் விதையாக மட்டும் இருக்கும். வடகோளத்தில் தோராயமாகச் சொன்னால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை முளை, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பூ, ஜூனில் ஒன்றும் இல்லை. தென்கோளத்தில் ஆறு மாதம் தள்ளிப் பாருங்கள். இனி ஒவ்வொரு அறிகுறியாகப் போகலாம்.

விதை போட்டு இரண்டு மாதம் ஆகிறது, ஒன்றும் முளைக்கவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். முதல் கேள்வி: எப்போது போட்டீர்கள்?

வசந்தத்திலோ கோடையின் தொடக்கத்திலோ போட்டிருந்தால் எதுவும் கெட்டுவிடவில்லை. காயிலிருந்து புதிதாக உதிர்ந்த விதை உறக்கத்தில் இருக்கும். அந்த உறக்கத்தைக் கலைப்பது கோடை வெயில். வெப்பத்தில் வாரக்கணக்கில் உலர்ந்து கிடக்கக் கிடக்க, விதை உள்ளே மெல்ல மாறுகிறது. முதலில் நல்ல குளிர்ச்சியில் மட்டும் முளைக்கக்கூடிய நிலைக்கு வரும். கோடை போகப்போக அந்த வெப்பநிலை வரம்பு மேல்நோக்கி விரியும். இலையுதிர் காலத்தில் மண்ணின் வெப்பம் இறங்கி ஈரமும் சேரும்போது இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும். அன்றைக்குத்தான் முளை. கோடையில் ஒரு திடீர் மழை பெய்தால் ஏமாந்து முளைத்து வெயிலில் கருகிவிடாமல் இருக்க, செடி தனக்குத்தானே போட்டுக்கொண்ட பூட்டு இது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஆகவே தொட்டியைக் கொட்டாதீர்கள். வெளியில், வெயில் படும் இடத்திலேயே வையுங்கள். கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இரவுகள் குளிரத் தொடங்கியதும் மண் காயாதபடி ஈரமாக வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது கேள்வி: விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தீர்களா? காட்டுப்பூ விதை என்றாலே ஆறு வாரம் குளிரில் வைக்க வேண்டும் என்று பல இடங்களில் பொதுவாக எழுதியிருப்பார்கள். வசந்தத்தில் முளைக்கும் செடிகளுக்கு அது சரி. இலையுதிர் காலத்தில் முளைக்கும் டிராபாவுக்கு அது நேர் எதிர். குளிரில் இருக்கும்போது கோடை செய்ய வேண்டிய வேலை நடப்பதில்லை, விதை உறக்கத்திலேயே இருந்துவிடும். அது மட்டுமா, உறக்கம் தெளிந்த விதையை ஈரத்தோடு நீண்ட நாள் குளிரில் வைத்தால், இந்த வகைச் செடிகளின் விதை மறுபடியும் உறக்கத்துக்குள் போய்விடவும் கூடும். அப்படி வைத்திருந்தால் வெளியே எடுத்து, காகித உறையில் போட்டு, வெதுவெதுப்பான உலர்ந்த அலமாரியில் ஒரு கோடைக்காலம் வைத்திருந்து, பிறகு விதையுங்கள்.

மூன்றாவது: விதையின் மேல் மண் போட்டு மூடினீர்களா? இந்த விதை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். உள்ளங்கையில் கொட்டினால் தூசி போல இருக்கும், மூச்சுவிட்டால் பறந்துவிடும். முளைக்க வெளிச்சம் தேவை. கடுகை விதைப்பதுபோல அரை சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தால் அது புதைந்ததுதான். சரியான முறை இது: ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி உலர்ந்த நைஸ் மணலோடு கலந்துகொள்ளுங்கள். ஈரமான மண்மேல் அந்த மணலைத் தூவுங்கள். ஒரு தட்டையான பலகையால் மெதுவாக அழுத்திவிடுங்கள். மேலே எதுவும் போடக்கூடாது. பூவாளியால் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் சேர்ந்துவிடும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிடுங்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், இலையுதிர் காலத்தில் அந்த இடத்தில் என்ன போட்டீர்கள் என்று யோசியுங்கள். முளைக்கும் முன் களையைத் தடுக்கும் மருந்து டிராபாவுக்கும் களைக்கும் வித்தியாசம் பார்க்காது. மரப்பட்டை மூடாக்கு, காய்ந்த இலைக் குவியல், எருப் பரப்பு எல்லாமே வெளிச்சத்தை மறைத்துவிடும். மற்றப் பாத்திகளுக்கு நல்லதான மூடாக்கு இந்தச் செடிக்கு மட்டும் ஆகாது. வெறும் மண் தெரிய வேண்டும்.

முளைத்தது, ஆனால் முளைகள் சாய்கின்றன அல்லது மறைகின்றன

மூன்று காரணம், மூன்றுக்கும் தடயம் வேறு. காலையில் குனிந்து பாருங்கள்.

முளையின் அடித்தண்டு நூல் போல மெலிந்து, மண்மட்டத்தில் பழுப்பாகி, கொத்துக் கொத்தாகப் படுத்திருந்தால் அது நாற்றழுகல் நோய். ஈரமும் நெருக்கமும் சேர்ந்தால் வரும். தண்ணீரைக் குறையுங்கள், காற்றோட்டம் கொடுங்கள், அடுத்த முறை விதையை இன்னும் சிக்கனமாகத் தூவுங்கள். வீட்டுக்குள் மூடி போட்டு வளர்த்தவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. டிராபாவுக்கு மூடியும் வேண்டாம், வீடும் வேண்டாம். நிழலான ஜன்னலோரத்தில் இலைகள் வெளிறி மேல்நோக்கி நீண்டுவிடும். முளைத்த நாளிலிருந்து வெளியில்தான் இருக்க வேண்டும்.

முளை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல், பக்கத்தில் பளபளப்பான கோடு தெரிந்தால் ஓடில்லா நத்தை வந்துபோயிருக்கிறது. ஒரே இரவில் ஒரு தொட்டியைக் காலிசெய்துவிடும். இரவில் டார்ச் அடித்துப் பார்த்துப் பொறுக்குவதுதான் நான் கண்டதிலேயே உருப்படியான வழி. மண்மேல் கரடுமுரடான மணல் மெல்லிய படலமாக இருந்தால் ஓரளவு தயங்கும், அதையே முழுக்க நம்ப வேண்டாம்.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. பனி உறைந்த இரவுக்குப் பிறகு, முளை வேரோடு மண்ணுக்கு வெளியே கிடக்கும். மண்ணின் ஈரம் உறைந்து விரியும்போது சின்னச் செடியை மேலே தூக்கிவிடுகிறது. பனி உருகியதும் மண் இறங்கிவிடும், செடி மேலேயே நின்றுவிடும், வேர் காற்றில் காயும். பார்த்த அன்றே விரல் நுனியால் மெல்ல அழுத்தி மண்ணில் பதித்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். களிமண் கலந்த, தண்ணீர் நிற்கும் மண்ணில்தான் இது அதிகம். மணலும் சரளையும் கலந்துகொண்டால் வெகுவாகக் குறையும்.

குளிர்காலத்தில் இலை ஊதாவாகச் சிவந்துவிட்டது

விட்டுவிடுங்கள். குளிரும் பளிச்சென்ற வெயிலும் ஒன்றாகப் படும்போது இலையில் ஆந்தோசயனின் என்ற நிறமி சேர்கிறது. வெயில் தாக்கத்திலிருந்து இலையைக் காப்பதற்காகத்தான். உரக் குறைபாடு என்று நினைத்து உரம் போட்டுவிடாதீர்கள். ஊதா இலைவட்டம் பார்க்க அழகாகவும் இருக்கும்.

இலைவட்டம் செழிப்பாக இருக்கிறது, பூத்தண்டு வரவில்லை

எப்போது முளைத்தது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. இலையுதிர் காலத்தில் முளைத்த செடி குளிர்காலத்தைக் கடந்து வரும். இந்தக் குடும்பத்தின் குளிர்காலச் செடிகள் குளிரை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்கின்றன. டிராபாவின் உறவான அராபிடாப்சிஸ் தாலியானா என்ற சின்னச் செடியில் இதை மரபணு அளவில் பிரித்தே பார்த்துவிட்டார்கள். அதன் குளிர்கால வகைகளில் எஃப்எல்சி என்ற மரபணு பூப்பதைத் தடுத்து வைத்திருக்கும். வாரக்கணக்கில் குளிர் பட்டபின் அந்தத் தடை மெல்ல அடங்கும், பிறகுதான் மொட்டு. ஒரு நாள் குளிரை நம்பிப் பூத்துவிட்டு நடுக்குளிரில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க நல்ல ஏற்பாடு. உங்கள் தொட்டி குளிர்காலத்தில் சூடான அறைக்குள் இருந்திருந்தால், செடிக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. வெளியே வையுங்கள். குளிர்காலமே இல்லாத வெப்பமான சமவெளியில் இருப்பவர்கள் இந்தச் செடிக்காகப் பாடுபட வேண்டாம் என்பது என் கருத்து. தானாக நிலைக்காது.

குளிர் பட்டிருந்தும் பூக்கவில்லை என்றால் மண்ணைப் பாருங்கள். டிராபா இயற்கையில் இருக்கும் இடங்களைச் சொல்கிறேன்: பழைய சுவரின் விரிசல், மணல்மேடு, சரளைப் பாதை, ரயில் தண்டவாளத்தின் ஓரக் கற்கள், மெலிந்த புல்தரை. எல்லாமே சத்தில்லாத, நீர் வடிந்துபோகும், வெயில் படும் இடங்கள். இதைக் கொண்டுபோய் எரு போட்ட கறுப்பு மண்ணில் வைத்தால் இலை பெருக்கும், அதைவிட வேகமாகப் பக்கத்துச் செடிகள் பெருகி இதன் மேல் படுத்துவிடும். ஒரு வருடம் தொட்டி மண்ணைப் புதுப்பிக்கிறேன் என்று நானும் மக்கிய உரம் கலந்தேன். அந்த வசந்தத்தில் புல்லும் பாசியும் வந்தன, டிராபா ஆறோ ஏழோ தலைகாட்டியது. மறுவருடம் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு மணலும் பொடிச்சரளையும் பாதிப்பாதி நிரப்பியதும் பழையபடி வந்தது.

மொட்டு வந்துவிட்டது, விரிய மாட்டேன் என்கிறது

எத்தனை மணிக்குப் பார்க்கிறீர்கள்? மேகமூட்டமான நாளிலும், அதிகாலையிலும், மாலையிலும் பூ மூடியே இருக்கும். நல்ல வெயில் அடிக்கும் ஒரு முற்பகலில் போய்ப் பாருங்கள். முந்தைய நாள் வெறும் பச்சைப் புள்ளிகளாக இருந்த இடம் முழுக்க வெள்ளைத் தூவலாக மாறியிருக்கும்.

வாரம் முழுக்க மப்பும் மழையும் என்றால் சில பூக்கள் விரியாமலே முடிந்துபோகலாம். அதற்காக வருந்த வேண்டியதில்லை. இந்தச் செடி பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். ஆறு மகரந்தத்தாள்களில் நான்கு நீளம், இரண்டு குட்டை. கடுகுக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான அடையாளம் இது. நீளமான நான்கும் சூல்முடியின் உயரத்துக்கே வந்து அதன்மேல் சாய்ந்துவிடும். பூச்சி பறக்காத குளிரில் பூக்கும் செடிக்கு வேறு வழியும் இல்லை. மலர் மூடியிருந்தாலும் பத்து நாளில் அதே இடத்தில் காய் தட்டையாக நீண்டுகொண்டு வந்தால் எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது.

இது டிராபாதானா? இதழ் எட்டு இருக்கிறதே

எட்டு இருந்தால் நல்ல செய்தி. உண்மையில் இதழ் நான்குதான், ஒவ்வொன்றும் ஏறக்குறைய பாதி வரை பிளந்திருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் இந்தச் செடியைப் பொறுத்தவரை உங்களுக்கு வேறு கருவியே தேவையில்லை. முழங்காலிட்டு, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, தலையைக் கீழே கொண்டுபோங்கள். முதலில் எல்லாம் மங்கலாகத் தெரியும். பூ இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்துக்கு வந்ததும் பளிச்சென்று தெளியும். வெள்ளை இதழின் பிளவு, நடுவில் மஞ்சள் புள்ளிகளாக மகரந்தப் பைகள், பச்சையாக மேடிட்ட சூலகம். அப்படியே இலைக்கு இறங்குங்கள். இலையின் ரோமங்களில் பல ஒற்றையாக இருக்காது, நுனியில் கவட்டை போல இரண்டாகவோ அதற்கு மேலோ பிரிந்திருக்கும். வெறுங்கண்ணுக்குச் சாம்பல் பூத்ததுபோலத் தெரிவது இந்தக் கவட்டைக் காடுதான். முதல் தடவை இதைப் பார்த்த அன்றைக்கு நான் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

குழப்பக்கூடிய ஆட்களும் இதே பருவத்தில், இதே இடத்தில்தான் வருவார்கள். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போங்கள்.

தண்டில் இலை இருக்கிறதா? டிராபாவின் பூத்தண்டில் ஒரு இலைகூட இருக்காது. இருந்தால் அது அராபிடாப்சிஸாக இருக்கலாம். அதன் இதழ் பிளவுபடாது, காய் நூல் போல நீளமாக இருக்கும். இலை சிறகு போலத் துண்டு துண்டாகப் பிரிந்து, காய் பூவையும் தாண்டி ஊசியாக நிமிர்ந்து நின்றால் கார்டமைன் ஹிர்சூட்டா. அது தோட்டத்தில் களையாக விரட்டப்படும் செடி, காய் முற்றியபின் தொட்டாலே வெடித்து விதையைத் தெறிக்கவிடும். டிராபாவின் காய் வெடிக்காது. காய் இதய வடிவமாக இருந்தால் கேப்செல்லா. இதழ் எட்டாக இல்லாமல் பத்தாகத் தெரிந்தால், அதாவது பிளந்த இதழ் ஐந்து இருந்தால், அது கடுகுக் குடும்பமே இல்லை. ஸ்டெல்லாரியா, அல்லது அதன் உறவான செராஸ்டியம். அவற்றில் இலைகள் எதிரெதிராக வரும். சுவரில் வளரும் செடி சிவப்பாக, பிசுபிசுப்பாக, மூன்று விரல் போலப் பிரிந்த இலையோடு இருந்தால் சாக்ஸிஃப்ராகா ட்ரைடாக்டிலிட்டஸ். டிராபாவோடு ஒரே சுவரில் சேர்ந்தே வாழும், பருவமும் ஏறக்குறைய அதேதான்.

செல்போன் செயலி தவறான பெயர் சொல்கிறது என்றால், மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தைக் கொடுத்திருப்பீர்கள். பூ ஒன்று, இலைவட்டம் ஒன்று, காய் ஒன்று என்று மூன்று படம் கொடுங்கள். படம் ஆடி மங்கலாக வருகிறதா? தண்டு அவ்வளவு மெல்லியது, உங்கள் மூச்சுக்கே ஆடும். செடிக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்துங்கள், காற்றும் தடுபடும், வெள்ளைப் பூவும் எடுப்பாகத் தெரியும். முழங்கையைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

பக்கத்துப் பக்கத்துச் செடிகள் ஒன்றுபோல இல்லை

ஒன்று 2 சென்டிமீட்டரில் ஒரே பூவோடு நிற்கும், இன்னொன்று 12 சென்டிமீட்டருக்கு எழும்பிப் பல தண்டு விடும். மண் ஆழம், ஈரம், முளைத்த தேதி இவையே பெரும்பாலும் போதுமான காரணம். சுவர் விரிசலில் சிறுத்தது, கீழே மணலில் பருத்தது என்றால் வேறு விளக்கம் தேட வேண்டாம்.

ஆனால் ஒரே தொட்டியில், ஒரே நாளில் முளைத்தும் காயின் வடிவம் ஒன்றில் நீளமாக, ஒன்றில் உருண்டையாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் பெரிய விஷயம் ஒன்றைத் தொட்டுவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரில் அலெக்ஸிஸ் ஜோர்தான் என்ற தாவரவியலாளர் பல ஊர்களிலிருந்து டிராபா வெர்னாவின் விதைகளைச் சேர்த்துத் தன் தோட்டத்தில் வளர்த்தார். ஒவ்வொரு வகையும் தன் சாயலை விடாமல், தலைமுறை தலைமுறையாக அப்படியே வருவதைக் கண்டார். இவை தனித்தனி இனங்கள் என்றே முடிவுகட்டி, 1873-க்குள் சுமார் 200 பெயர் வைத்துவிட்டார். மற்றவர்கள் அவ்வளவையும் ஏற்கவில்லை. தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் செடியில் ஒவ்வொரு குடும்ப வரிசையும் கலப்பில்லாமல் தனியாகப் போகும் என்பதுதான் விளக்கம். ஆனாலும் அவர் கண்ணால் கண்டது பொய்யில்லை. அப்படிப் பிரியும் நுண்வகைகளுக்கு இன்றும் ஜோர்டனான் என்றே அவர் பெயரை வைத்துச் சொல்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வித்தியாசமான செடிகளின் விதையைத் தனித்தனி உறையில் எடுத்து, ஒரே மாதிரி மண்ணில், தனித்தனித் தொட்டியில் விதையுங்கள். அடுத்த வருடமும் சாயல் மாறாமல் வந்தால் அது வகை, மாறினால் மண்.

இலையிலும் தண்டிலும் வெள்ளைக் கொப்புளம்

சுண்ணாம்பு தெறித்ததுபோல மேடிட்ட வெள்ளைப் புள்ளிகள், கீறினால் மாவு போல உதிரும், தண்டு சில சமயம் முறுக்கிக்கொள்ளும். இது வெள்ளைத் துரு நோய், அல்புகோ என்ற நுண்ணுயிரின் வேலை, கடுகுக் குடும்பத்துக்குப் பழைய தொல்லை. மேடில்லாமல் இலையின் அடிப்பக்கத்தில் மட்டும் சாம்பல் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்தால் அடிச்சாம்பல் நோய். இரண்டுக்கும் நான் மருந்து அடிப்பதில்லை. செடியின் ஆயுளே இன்னும் சில வாரம்தான். பாதித்ததைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். நெருக்கம் குறைந்து காற்று புகுந்தால் மற்றவை தப்பிக்கும்.

பிடுங்கி வந்து நட்டேன், வாடிவிட்டது

வேர் அவ்வளவு மெல்லியது. பூத்த செடியைப் பெயர்த்து நடுவது வீண் வேலை, எப்படியும் ஒரு மாதத்தில் சாகப்போகும் செடி அது. இலைவட்டமாக இருக்கும்போது, கைப்பிடி அளவு மண்ணோடு சேர்த்து வெட்டியெடுத்தால் வாய்ப்புண்டு. விதைதான் நல்லது.

போன வருடம் வெள்ளையாகப் பூத்த இடத்தில் இந்த வருடம் ஒன்றுமில்லை

இடம் மூடிவிட்டது என்பதுதான் பெரும்பாலும் காரணம். இந்தச் செடியால் எவரோடும் போட்டி போட முடியாது. புல் அடர்ந்தாலோ, பாசி மெத்தையாகப் படர்ந்தாலோ, இலை குவிந்தாலோ விதைக்கு வெளிச்சம் கிடைக்காது. யாரும் மிதிக்காமல் ரொம்பவும் பாதுகாத்தாலும் இதே கதி. நடைபாதை ஓரத்திலும் முயல் தோண்டிய மணலிலும் இது ஏன் செழிக்கிறது என்றால், அங்கே யாராவது அடிக்கடி மண்ணைக் கிளறி வெற்றிடம் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறார்கள். கோடையின் கடைசியில், முளைக்கும் முன், அந்த இடத்தைச் சிறிய முள்வாரியால் மேலோட்டமாகச் சுரண்டிவிடுங்கள். பாசியையும் புல்லையும் அப்புறப்படுத்துங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாதீர்கள், விதை மேலேதான் கிடக்கிறது. இலையுதிர் காலத்தில் முளை தெரிந்தபின் மண்வெட்டி அந்தப் பக்கமே போகக்கூடாது. அந்தச் சமயம் 'சுத்தம் செய்கிறேன்' என்று கொத்திவிட்டுத்தான் பலர் அடுத்த வசந்தத்தில் தேடுகிறார்கள்.

புல்வெளி ஓரமாக இருந்தால், வசந்தத்தின் முதல் வெட்டைக் காய் பழுக்கும்வரை தள்ளிப்போடுங்கள். இலைவட்டம் கத்திக்குக் கீழே தப்பிவிடும், பூத்தண்டு தப்பாது.

எதிர்ப்பக்கக் கேள்வியும் உண்டு: புல்வெளியில் தானாக வந்துவிட்டது, எப்படி ஒழிப்பது? ஒழிக்க அவசியமில்லை. புல்லை எதுவும் செய்யாது, கோடைக்கு முன் தானே போய்விடும். புல் மெலிந்து மண் தெரிகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. அதுவே பிடிக்கவில்லை என்றால் புல்லை அடர்த்தியாக்குங்கள், டிராபா தானாக விலகிவிடும்.

ஒரே வாரத்தில் செடி மறைந்துவிட்டது, காய் எல்லாம் காலி

வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் விதை எடுக்கக் காத்திருந்தவருக்கு இது வருத்தம்தான், ஏனென்றால் பச்சைக் காய்க்கும் காலிக் காய்க்கும் இடையே வெயில் நாட்களில் ஒரு வாரம்கூடக் கிடைக்காது.

காயை உற்றுப் பாருங்கள். தட்டையான முட்டை வடிவம், ஒரு சென்டிமீட்டருக்குள் நீளம். இரண்டு பக்கமும் இரண்டு ஓடு, நடுவே மெல்லிய சவ்வு. சாதாரணமாக ஒரு காயில் 40 விதைக்கு மேல் அந்தச் சவ்வின் விளிம்பை ஒட்டியே வரிசையாகத் தொங்கும். பழுத்ததும் ஓடுகள் கழன்று விழும், விதை உதிரும், சவ்வு மட்டும் தண்டிலேயே நிற்கும். காய்ந்த தண்டுகளின் மேல் காலை வெயில் சாய்வாகப் படும்போது அந்தச் சவ்வுகள் வெள்ளித் தகடு போல மின்னும். பூத்தபோது கவனிக்காமல் தாண்டிப் போனவர்கள்கூட அப்போது நின்று பார்ப்பார்கள். அந்த மினுமினுப்பு தெரிகிறது என்றால் விதை ஏற்கெனவே தரையில் இருக்கிறது.

விதை வேண்டுமானால், அடிக் காய்கள் பச்சையிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு மாறும் நாளில் தயாராக இருங்கள். வளைத்த வெள்ளைத் தாளைத் தண்டுக்கு அடியில் பிடித்து, விரலால் மெல்லத் தட்டுங்கள். உதிர்வது போதும். மேல் காய்கள் இன்னும் பச்சையாக இருக்கும், அவற்றைச் செடிக்கே விட்டுவிடுங்கள். தாளில் விழுந்ததைக் காகித உறையில் போட்டுத் தேதி எழுதி, முன்னே சொன்ன வெதுவெதுப்பான அலமாரியில் வையுங்கள்.

அப்புறம் அந்த இடத்தில் ஒரு தட்டைக் கல்லை அடையாளமாக வையுங்கள். ஜூனில் அங்கே வெறும் மண்தான் தெரியும், ஆகஸ்டிலும் அப்படியே. யாராவது வந்து காலியிடம் என்று எதையாவது நட்டுவிடுவார்கள். அக்டோபரில் ஒரு மழைக்குப் பிறகு லென்ஸோடு கல்லுக்குப் பக்கத்தில் குனியுங்கள். பச்சை ஊசிமுனைகள் போல இரண்டிரண்டு இலைகள் தெரிந்தால், அவைதான்.